மேற்கே ஒரு கம்ப்யூட்டர் யாத்திரை

சென்னைக்கு விருந்தாளி வந்தால் அவரைக் கிழக்கே அழைத்துப் போவதுதான் நம் வழக்கம். கடற்கரை, காற்று, சுண்டல். அத்துடன் ஊர் பார்த்தாகிவிட்டது. கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள் தெற்கே மாமல்லபுரம் வரை கூட்டிப் போவார்கள். மேற்கே யாரும் யாரையும் கூட்டிப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. "அம்பத்தூரா? ஆவடியா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

பார்க்க இருக்கிறதோ இல்லையோ, செய்கிற காரியம் நிறைய இருக்கிறது. டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை 1949-ல் ஆரம்பமானது அம்பத்தூரில்தான். நம் அப்பாக்கள் அரைப் பெடல் போட்டுப் பழகிய வண்டிகள் பலவற்றுக்கு அதுதான் பிறந்த ஊர். விஜயந்தா டாங்கி 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. (அது வீட்டில் புழங்குகிற சாமான் இல்லைதான்!) 2007-ல் டெல் கம்பெனி, பூந்தமல்லியைத் தாண்டிப் போகும் பெங்களூர்ச் சாலையில், ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. ஆகவே, உங்கள் வீட்டுக் கூடத்தில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறதே ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பிறந்த வீடு மேற்கே இருந்தாலும் இருக்கலாம்.

அதற்கு உடம்பு சரியில்லை என்றால் பிறந்த வீட்டுப் பக்கம் போய் விசாரிப்பதுதானே முறை? சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் கட்டடத்து மேடையில் ஆவடி ரயில் தயாராக நின்றது. ஏறிக்கொண்டேன்.

இந்த ரயில் பாதைக்குத் தனிப் பெருமை உண்டு. 1856 ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே தென்னிந்தியாவின் முதல் ரயில், அது போனது இந்த வழியாகத்தான். இன்று காலை ஒன்பது மணி வண்டியில் பெருமையைப் பற்றி நினைக்க இடம் கிடையாது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டிபன் பை. வில்லிவாக்கம் தாண்டியதும் கொரட்டூர். அதற்கப்புறம் பட்டரவாக்கம், அம்பத்தூர்.

கொரட்டூரில் பக்கத்து ஸீட் அம்மாள் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அதோ அந்தத் தெருவில்தான் எங்கள் வீடு. இடுப்பளவு தண்ணீர்" என்றார். 2015 டிசம்பர் வெள்ளமா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளமா என்று கேட்டேன். "இரண்டுந்தான்" என்றார். இங்கே ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி என்று வரிசையாக இருக்கின்றன. நிரம்பி வழியும்போது அவை பழைய வழியைத் தேடிக்கொண்டு வருகின்றன. வழியில் வீடு கட்டியது நாம்தான். ஏரியைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

அந்த அம்மாள் முதல் வெள்ளத்தில் கம்ப்யூட்டரைப் பறிகொடுத்தாராம். பெட்டி தரையில் இருந்தது. இரண்டாவது வெள்ளத்துக்கு முன்பே அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். "நெல்லு மூட்டையை ஏற்றுகிறோம், இதை ஏற்றக்கூடாதா?" என்றார். மேற்குப் புறநகரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு முதல் பாடம் இதுதான். பெட்டி தரையில் இருக்கக்கூடாது. குறைந்தது ஒரு முக்காலி உயரமாவது வேண்டும். புயல் என்று ரேடியோவில் சொன்னால் மேலே போய்விட வேண்டும். நனைந்துவிட்டால் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஸ்விட்சைப் போடவே கூடாது. மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிரித்து நன்றாக உலரவைத்துத் தெரிந்தவரிடம் காட்டினால் ஏதாவது பிழைக்கும். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் எல்லாம் போயிற்று.

அம்பத்தூரில் நான் தேடிப் போனது ஒரு கணக்கு எழுதும் அம்மாளை. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, நாலைந்து சின்னப் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தபடியே டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள். மாதா மாதம் 11-ம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. நமூனா, 20-ம் தேதி இன்னொன்று. அந்த இரண்டு தேதிகளிலும் அவர் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்!

அவர் கம்ப்யூட்டர் 2019-ல் வாங்கியது. முதலில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. பிறகு ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காப்பி போட்டுக் குடித்துத் தம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் கண் விழிக்கும் என்ற நிலை. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு இலவசப் பாதுகாப்பு முடிந்தது. "இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை" என்று திரையில் ஒரு அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கடை ஒன்றில் காட்டினார். கடைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "காலம் முடிஞ்சு போச்சும்மா. புதுசு நாற்பத்திரண்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டாயிரம் என்பது பெண்ணின் காலேஜ் பணம். ஆனால் பெட்டி நின்றுபோனால் நாலு பட்டறைக் கணக்கும் கை நழுவும். இரண்டு நாள் தூக்கமில்லை என்றார்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் ஒரு இளைஞரைக் காட்டினார்கள். மார்க்கெட் சந்தில், ஒரு தையல் கடைக்கும் ஒரு மாவு மில்லுக்கும் நடுவே, ஆறடி அகலத்தில் ஒரு ரிப்பேர் கடை. நான் போனபோது அந்த அம்மாளின் பெட்டி அங்கே மல்லாந்து கிடந்தது.

"அக்கா, முதல்லே கணக்கை இரண்டு இடத்திலே காப்பி எடுத்துக்கலாம். அப்புறந்தான் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவேன்" என்றார் இளைஞர். இந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு அவரிடம் மரியாதை பிறந்துவிட்டது. இதைச் சொல்லாத மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பஞ்சு மெத்தை! அவ்வளவு தூசி. பேட்டையின் தூசி சாதாரணத் தூசி இல்லை. கடைசல் பட்டறைத் தூள், ரோட்டுப் புழுதி, மாவு மில்லின் உபயம் எல்லாம் கலந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பொத்தானை ஒரு தரம் அழுத்தி மிச்சமிருந்ததையும் வடித்துவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதினார். ஊதும்போது உள்ளே இருக்கும் சின்ன மின்விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "காத்துலே அது தாறுமாறாச் சுத்தினா பேரிங் போயிடும், சார்." விசிறிக்கு அடியில் பிராஸஸருக்கு மேலே பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தார்.

பிறகு வைத்தியத்தின் முக்கியக் கட்டம். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். காசு போவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு உக்கிராண அறையும் ஒரு சமையல் மேடையும் உண்டு. உக்கிராணம்தான் ஹார்ட் டிஸ்க். எல்லாம் அங்கே அடைத்துக் கிடக்கும். மேடைக்குப் பெயர் ராம். வேலை நடக்கும்போது வேண்டியதை எடுத்துப் பரப்பிக்கொள்ளும் இடம். மேடை குறுகலாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் உக்கிராணத்துக்கு ஓட வேண்டும். அந்த உக்கிராணமோ பழைய காலத்து மாதிரி; உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றி, ஊசிமுனை போன்ற ஒன்று அதன்மேல் ஓடி ஓடித் தேடிக் கொடுக்கிறது. எஸ்.எஸ்.டி. என்று வந்திருப்பதில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை; கேட்டதும் கையில் வந்து விழுகிறது. பழைய டிஸ்கை எடுத்துவிட்டு இதைப் போட்டாலே கிழப் பெட்டிக்குப் பாதி வயது குறைந்துவிடும். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். ராம் பிறகு.

அந்த அம்மாளின் பெட்டியில் ராம் 4 ஜி.பி. பக்கத்தில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது. அதில் 8 ஜி.பி. போட்டார் இளைஞர். ராம் வாங்குவதில் ஒரு சூட்சுமம். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று தலைமுறைகள் உண்டு; ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஆகவே ரவிக்கைத் துணிக்கு மாட்ச் பார்க்கப் புடவையை எடுத்துப் போவதுபோல, பழைய ராமைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது உத்தமம். விலையும் முன்போல இல்லை. செயற்கை அறிவுக்கான பெரிய கூடங்கள் உலகம் முழுவதும் சில்லுகளை வாங்கிக் குவித்ததில், 2025 கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறிவிட்டது. "தேவைக்கு மேலே போடாதீங்க அக்கா. கணக்கு எழுத இது தாராளம்" என்றார் இளைஞர்.

அப்படியானால் அந்தத் 'தகுதியில்லை' அறிவிப்பு? அதில்தான் வேடிக்கை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். என்ற பூட்டு ஒன்று வேண்டும். இன்டெல் பிராஸஸர்களில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் அதற்குச் சம்மதம். இந்தப் பெட்டி எட்டாம் தலைமுறை! பூட்டும் உள்ளேயே இருந்தது. யாரும் திறந்துவிடவில்லை, அவ்வளவுதான். இளைஞர் பயாஸுக்குள் போய், பி.டி.டி. என்று எழுதியிருந்த இடத்தில் 'வேண்டாம்' என்றிருந்ததை 'வேண்டும்' என்று மாற்றினார். புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11 ஏறி உட்கார்ந்தது. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. அந்த அம்மாளின் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் இருந்தது. பெட்டியைத் திறக்காமலே காலக் கெடு சொன்ன கடையை நினைத்திருப்பார்.

புறப்படுமுன் இளைஞர் காசு போன்ற ஒரு பாட்டரியையும் மாற்றினார். மதர்போர்டின்மேல் இருக்கும் 3 வோல்ட் வில்லை. அது தீர்ந்தால் கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துபோகும். தேதி தப்பானால் பாங்கி வலைத்தளம் உள்ளே விடாது. இதை வைரஸ் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களும் உண்டு என்று கேள்வி.

தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தேன். 1960-களில் அரசாங்கம் அமைத்த பேட்டை. ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர். நட்டு, போல்ட்டு, ஸ்பிரிங், வார்ப்பு என்று செய்துவந்த இடத்தில் இப்போது ஜன்னல் அதிகமில்லாத பிரம்மாண்டக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. டேட்டா சென்டர்கள். 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்ஷன் என்ற கம்பெனி இங்கே ஒன்றைத் திறந்தது. பத்து ஏக்கர் வளாகம். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், மனிதர்கள் கொஞ்சம்தான். நம்மை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு என்ன உபசாரம் நடக்கிறது என்று கேட்டால் சிரிப்பு வரும். குளிர்ந்த காற்று. தூசி வடிகட்டிய காற்று. நிற்காத மின்சாரம், நின்றால் தாங்க பாட்டரி, பாட்டரிக்குத் துணையாக ஜெனரேட்டர். எல்லாவற்றுக்கும் மறு பிரதி. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்வது, சந்துக் கடை இளைஞர் ப்ளோயரும் பென் டிரைவும் வைத்துக்கொண்டு செய்த அதே காரியம்!

ஆவடிக்கு மறுபடியும் ரயில். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட ஊர். ஊரின் பெயரே ராணுவ இங்கிலீஷ் எழுத்துக்களின் சுருக்கம் என்று ஒரு கதை உலவுகிறது, நம்புகிறவர்கள் நம்பட்டும். சற்றுத் தள்ளிப் பட்டாபிராமில் 2024-ல் திறந்த டைடல் பார்க் 21 மாடியோடு நிற்கிறது.

நான் போனது மாடிகளுக்கு அல்ல. டாங்கித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ரிடையரான ஒரு பெரியவர் வீட்டுக்கு. அவர் கம்ப்யூட்டருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தொழிற்சாலையில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் வைத்திருப்பார்களாம், அதே மாதிரி. எந்தத் தேதியில் தூசி தட்டியது, யு.பி.எஸ். பாட்டரி எப்போது மாற்றியது, எந்த ரிப்பேருக்கு எவ்வளவு கொடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. பாட்டரித் தேதி மட்டும் சிவப்பு மையில். யு.பி.எஸ். பாட்டரி இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. பிறகு மின்சாரம் போனால் கம்ப்யூட்டரும் கூடவே போய்விடும். அதுவரை அது கொடுக்கும் பத்து நிமிஷமும் வேலையைத் தொடர்வதற்கல்ல. சேமித்து, ஒழுங்காக அணைப்பதற்கு. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டக்கூடாது, அது ஒரே வாயில் குடித்துத் தீர்த்துவிடும். இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். தகட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் மெக்கானிக் அப்புறம் வரட்டும்.

"நோட்டு அவருடையது, பெட்டி என்னுடையது" என்றார் வீட்டு அம்மாள், உள்ளேயிருந்து காப்பியோடு வந்து. வெளிநாட்டில் இருக்கும் பெண்ணோடு அதில்தான் பேசுகிறார். பெட்டி 2013-ல் வாங்கியது. அதற்கு விண்டோஸ் 11 வாஸ்தவமாகவே ஒத்துவராது. பயாஸில் எதைத் திருப்பினாலும் நடக்காது. அதற்காகத் தூக்கி எறியவில்லை. ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, பாஸ் லினக்ஸ் ஏற்றிக்கொண்டுவிட்டார்கள். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது, காசு கிடையாது, தமிழிலேயே பேசும். படிக்க, கடிதம் எழுத, பெண்ணின் முகம் பார்க்கப் போதும். ஆனால் எல்லாருக்கும் இது மருந்து என்று சொல்லமாட்டேன். டாலி விண்டோஸுக்காகச் செய்தது. அம்பத்தூர் அம்மாளுக்கு இதைச் சொல்லியிருந்தால் 20-ம் தேதி என்னைத் தேடிக்கொண்டு வந்திருப்பார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம். பூவிருந்தவல்லி என்பது பழைய பெயர். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தவர். விசிறிக்கொண்டிருக்கும்போது பெருமாளே அவரோடு பேசுவார் என்பது ஐதீகம். கோயிலுக்குள் நிற்கையில் எனக்கு என்னவோ அம்பத்தூரில் விரலால் பிடித்த அந்தச் சின்ன விசிறியின் ஞாபகம் வந்தது. பெருமாளுக்கே கோடையில் விசிறி வேண்டியிருந்திருக்கிறது. சுவரோடு ஒட்டி, துணியையும் போர்த்திவிட்டால் இந்தப் பெட்டி என்ன செய்யும்? ஓடும்போது துணியை எடுத்துவிடுங்கள்; பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் ஆட்சேபணை இல்லை. வெளித் தகட்டில் வையுங்கள். காற்றுத் துவாரத்தில் வேண்டாம். தீர்த்தம் தெளிப்பதை மானசீகமாகச் செய்துவிடலாம்.

கோயிலை விட்டு வந்தால் டிரங்க் ரோடு, லாரிகள், பழைய இரும்புக் கடைகள். உயிர் போன கம்ப்யூட்டர்கள் பல கடைசியில் வந்து சேரும் இடம். ஒயரை எரித்துத் தாமிரம் எடுக்கிற பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. அந்தப் புகை யார் மூக்குக்கும் நல்லதல்ல. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பழைய சாமானைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு தயாரித்த கம்பெனிகளுடையது. ஆகவே முதலில் கம்பெனியைக் கேளுங்கள். ஆனால் தெருக்கோடியில் தராசு தொங்கும்போது யார் கம்பெனிக்குப் போன் செய்கிறார்கள்?

ஒரு கடையில் பேரம் நடந்துகொண்டிருந்தது. கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மாள். ஆட்டோவிலிருந்து இறக்கிய பழைய பெட்டி. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் விலை சொன்னதும் நிதானமாகத் தகட்டைக் கழற்றி, ஹார்ட் டிஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அது இல்லேன்னா ஐம்பது ரூபாய் குறையும்மா."

"குறைச்சுக்கோப்பா. இதிலே என் பையன் கல்யாண போட்டோ, பாங்க் பாஸ்புக்கு, ஆதார் எல்லாம் இருக்கு. ஐம்பது ரூபாய்க்கு யார் வீட்டுக்கோ அனுப்பச் சொல்றியா?"

டிஸ்க் முருங்கைக்காய்க்கு அடியில் பைக்குள் போயிற்று. அவர் மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து, குமணன்சாவடிப் பக்கம் நடந்தார்.